உளவுக்காரிக்குக் குரல் கொடுத்தவள்

அடி வாங்குவதில் அவளுக்கு இருபத்தாறு வருஷ அனுபவம். வயிற்றில் குத்து வாங்கினால் மூச்சு எப்படி வெளியே வரும், கன்னத்தில் அறை வாங்கினால் எப்படி உள்ளே போகும், மாடியிலிருந்து விழுகிறவள் பாதி வழியில் கத்துவாளா அல்லது தரையைப் பார்த்ததும் கத்துவாளா, எல்லாம் அத்துப்படி. ஒரு அடிகூட மேலே பட்டதில்லை. டப்பிங் தியேட்டரில் கம்பளம் ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி நிற்பாள். திரையில் யாரோ ஒருத்தி வாங்கும் அடிக்கு இவள் "ஹக்" என்பாள். உத்தியோகம் அவ்வளவுதான்.

அங்கே எல்லாருக்கும் அவள் கூட்டத்தக்கா. சந்தை இரைச்சல், ஆஸ்பத்திரி வராந்தா, ரயில் நிலைய அறிவிப்பு, கதாநாயகியின் தோழிகளில் மூன்றாமவள் என்று பேர் போடாத குரலெல்லாம் அவளுடையது. "அக்கா, சாவு வீடு. நாலு பேரா அழுங்க" என்பார் சவுண்ட் இன்ஜினியர். "நாலு பேரும் சொந்தமா, இல்லை ரெண்டு பேர் அக்கம்பக்கமா?" என்று கேட்டுக்கொண்டுதான் அழ ஆரம்பிப்பாள். சொந்தக்காரர்கள் நடுவில் மூக்கைச் சிந்துவார்களாம், அக்கம்பக்கத்தார் சிந்த மாட்டார்களாம்.

அவளும் தங்கையும் ஒன்றாகத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். இரண்டு வயசு வித்தியாசம், ஒரே குரல். தங்கைக்குக் கல்யாணமான வருஷம், தங்கையின் வீட்டுக்காரர் ஒருநாள் போனில் பெண்டாட்டி என்று நினைத்துப் பத்து நிமிஷம் பொரிந்து தள்ளினார். சட்டையில் பட்டன் இல்லை, உங்க வீட்டு ஆளுங்களே இப்படித்தான், உங்கக்கா ஒரு ராங்கிக்காரி என்றெல்லாம். அக்கா எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினாள். கடைசியில், "முடிஞ்சுதா மாப்பிள்ளை? உங்க பெண்டாட்டி குளிக்கிறா. வந்ததும் சொல்லிடறேன். அந்த ராங்கிக்காரியை நீங்க விசாரிச்சதையும் சொல்லிடறேன்" என்றாள். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்த மனுஷன் "யாரு பேசறது?" என்று உறுதி பண்ணிக்கொள்ளாமல் போனில் வாயைத் திறந்ததில்லை.

வீட்டில் அது சிரிப்பாக இருந்தது. தொழிலில் இல்லை. "ஒரே குரலுக்கு எதுக்கும்மா ரெண்டு பேரு? ஒருத்தர் போதும்" என்று கம்பெனிக்காரர் ஒருவர் ஒருநாள் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. தங்கை நகர்ந்தாள். கண் ஆஸ்பத்திரி ஒன்றின் முன் மேஜையில் மைக்கைப் பிடித்து, "டோக்கன் நூத்தி நாப்பத்தேழு, மூணாம் நம்பர் ரூம்" என்று சொல்லும் வேலைக்குப் போனாள். இருபத்து மூன்று வருஷமாக அங்கேதான். அன்றைக்கு நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நல்லது கெட்டதுக்குப் போவார்கள், வருவார்கள், ஒருத்தி புடவையை ஒருத்தி கட்டுவாள். டப்பிங் பேச்சு எடுத்தால் மட்டும் தங்கை "அடுப்பைப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவாள். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

ஐம்பத்தொரு வயசில் அக்காவுக்கு ஒரு கதாநாயகி கிடைத்தாள்.

இந்திப் படம். செத்துப்போன ஒருத்தியின் பெயரை வைத்துக்கொண்டு, அவள் துணியைப் போட்டுக்கொண்டு, எதிரியின் வீட்டுக்குள்ளேயே போய்க் குடியிருக்கும் ஓர் உளவுக்காரியின் கதை. ரயில் கூரையில் சண்டை, உருளும் கார், எரியும் கிடங்கு, எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் ஒருத்தி. அந்த நடிகைக்கு இந்தியில் அடித்தொண்டைக் குரல். தமிழில் வழக்கமாகப் பேசுகிற பெண்களெல்லாம் தேன். டப்பிங்கை நடத்தியது வசனம் எழுதியவரேதான். எட்டுப் பேரைப் பேசவைத்துப் பார்த்துவிட்டு, "துப்பாக்கியை நீட்டிக்கிட்டு சாப்பிட வாங்கன்னு கூப்பிடற மாதிரி இருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்குக் கூட்டத்தக்கா அதே படத்துக்கு அடி வாங்க வந்திருந்தாள். மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஸ்டாண்டிலிருந்த தாளைப் பார்த்து இரண்டு வரி படித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசனகர்த்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அக்கா, எப்பலேருந்து உங்க குரல்ல இந்தக் கரகரப்பு?"

"ஏழெட்டு மாசமா இருக்கு சார். சளி. போகவே மாட்டேங்குது."

"போக வேண்டாம். அப்படியே வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டாள். நாற்பது பேருக்கு முன்னால் நடந்ததுபோல் பெருமையாக அந்தச் செய்தியைத் தங்கையிடம் சொன்னாள். தங்கை, "நல்லதுக்கா" என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன்தான் போனில் குதித்தான். "அம்மா, ஹீரோயினா! இங்க எல்லாரையும் இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டுவேன். அது நீதான்னு எழுந்து நின்னு சொல்லுவேன்."

"எழுந்து நிக்காதேடா. பின்னாடி இருக்கறவன் திட்டுவான்."

அது சளி இல்லை. படத்தில் கால்வாசி பேசி முடித்திருந்தபோது தெரிந்தது. கழுத்தில் கட்டி. "குரலுக்குப் போற நரம்பை அழுத்திக்கிட்டிருக்கு. அந்தக் கரகரப்பு அதனாலதான். சீக்கிரம் எடுத்துடணும்" என்றார் டாக்டர். எடுக்கும்போது நரம்பு தப்பித்தால் குரல் தப்பிக்கும். உறுதி சொல்ல முடியாது.

"மூணு வாரம் டைம் குடுங்க டாக்டர்."

"ஏன், ஊருக்குப் போகணுமா?"

"இல்லை. பேசி முடிக்கணும்."

மூன்று வாரம் ஏழு வாரமாயிற்று. இந்திக்காரர்கள் படத்தைத் துண்டு துண்டாகத்தான் அனுப்பினார்கள். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிளாஸ்க்கில் வெந்நீர், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. ரயில் கூரைச் சண்டைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற இடத்திலேயே ஓடினாள். வாயைக் கட்டிப்போட்ட காட்சிக்குக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு பேசினாள். ஏழாவது வாரம் கடைசிக் காட்சி வந்தது. உளவுக்காரியின் முதுகில் எதிரி துப்பாக்கியை வைத்திருக்கிறான். போனில் அவளுடைய சின்னப் பையன், அம்மா எப்படி இருக்கே என்கிறான். அவள் சொல்ல வேண்டியது ஒரே வரி. இந்தியில் அந்த வரி உதடு ஒட்டி ஆரம்பிக்கிறது என்பதால், வசனகர்த்தா முன்னால் ஒரு "ம்" போட்டிருந்தார்.

"ம், நல்லாருக்கேன்."

"கேக்கறவனுக்குப் பொய்னு தெரியக்கூடாது, பாக்கறவனுக்குத் தெரியணும். அதானே சார்?" என்று கேட்டுவிட்டு, ஒரே டேக்கில் சொன்னாள். சவுண்ட் இன்ஜினியர் கொஞ்ச நேரம் பொத்தானிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வசனகர்த்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இருபத்தாறு வருஷமா உங்களைக் கூட்டத்துல நிக்க வெச்சிருக்கோம். புத்தியில்லாத ஜனங்கக்கா நாங்க" என்றார்.

"இப்பவாவது தெரிஞ்சுதே சார்" என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

படிவத்தில் கையெழுத்துப் போட ஆள் வேண்டுமே, தங்கையை அப்போதுதான் கூப்பிட்டாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தங்கை அழுதாள், திட்டினாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பே?"

"தரதரன்னு இழுத்துக்கிட்டு வந்திருப்பேன்."

"அதான் சொல்லலை."

"உன் பையனுக்கு?"

"அவனுக்கு வெறும் தொண்டைப்புண். டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டார். நீயும் அதையே சொல்லு."

அதற்குக் காரணம் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் சின்ன ஆபரேஷன் என்று உள்ளே போனவர், இதயம் நின்று, திரும்பி வரவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டது மகன். அப்போது பத்தொன்பது வயசு. நான் போட்ட கையெழுத்து, நான் போட்ட கையெழுத்து என்று ஒரு வருஷம் தூங்காமல் கிடந்தான். இன்றைக்கும் ஆபரேஷன் என்ற சொல் காதில் விழுந்தால் அவன் முகம் மாறிவிடும்.

"உளவுக்காரிக்குப் பேசிப் பேசி நீயும் உளவுக்காரியாவே ஆயிட்டே" என்றாள் தங்கை.

"நல்லா ஓடட்டும்டி படம். அப்புறம் சொல்லிக்கலாம். போய் காபி வாங்கிட்டு வா, எனக்குத்தான் குடுக்க மாட்டாங்க, நீயாவது குடி."

அந்தக் குரல் பேசியது அதுதான் கடைசி. தெரிந்திருந்தால் காபி வாங்கப் போயிருக்க மாட்டேன் என்று தங்கை அப்புறம் பல தடவை சொன்னாள்.

கட்டி நரம்பைச் சுற்றி வளைத்திருந்தது. நரம்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர், முழுசாக எடுத்தாயிற்று என்றார். போகப்போகக் கொஞ்சம் சத்தம் வரும். பக்கத்திலிருப்பவருக்குக் கேட்கிற அளவு. பழைய குரல் வராது.

"ஏழு வாரம் முன்னாடியே வந்திருந்தா?" என்று தங்கை கேட்டாள்.

டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கட்டிலில் அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தங்கை அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் வசனகர்த்தா வீட்டுக்கு வந்தார், கையில் பழங்களோடு. பழத்தை வைத்துவிட்டு வாசலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் சொன்னார். இந்தியில் படத்தின் பின்பாதியைப் பிடிக்கவில்லை என்று மாற்றி எடுத்துவிட்டார்களாம். பதினாலு காட்சிகள் புதுசு. போன் காட்சியும். அக்கா பேசி வைத்தது புது உதட்டோடு ஒட்டவில்லை. வேறு யாரையாவது வைத்து முழுப் படத்தையும் முதலிலிருந்து பேசிவிடலாம் என்கிறார்கள்.

அக்கா பழைய வசனத் தாள் ஒன்றைத் திருப்பி, பின்பக்கம் எழுதிக் காட்டினாள். "என் தங்கச்சி."

தங்கை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இருபத்து மூன்று வருஷமாக வாயில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் துப்பினாள்.

"ஒருத்தர் போதும்னாங்களே? அன்னைக்கு நீ ஒரு வார்த்தை பேசினியா? சேர்ந்து வந்தோம், சேர்ந்து போறோம்னு சொன்னியா?"

வசனகர்த்தா பழத்தைப் பார்த்தார். அக்கா பேனாவை எடுத்தாள். பிறகு எழுதினாள். "சொல்லலை. ஒருத்தர் போதும். இப்ப அது நீ."

தங்கை மறுநாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேரே தியேட்டருக்கு வந்தாள். நானூறு டோக்கன் கூப்பிட்ட தொண்டையில் சாயங்காலத்தில் அந்தக் கரகரப்பு தானாகவே இருந்தது. குரலில் பிரச்சினை இல்லை, பழக்கத்தில்தான். "அம்மா, நீங்க எதிரியை மூணாம் நம்பர் ரூமுக்கு அனுப்பற மாதிரி இருக்கு" என்றார் வசனகர்த்தா. அக்கா கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து தாளில் எழுதி எழுதிக் காட்டினாள். "பல்லைக் கடி." "மூச்சை முதல்ல எடுத்துடாதே." "இவ யாருக்கும் அடங்க மாட்டா." மூன்றாம் நாள் தங்கைக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருநாள் வில்லனை உதைத்து முடித்துவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. "அக்கா, இதை நீ மட்டும் தனியா அனுபவிச்சுக்கிட்டு இருந்திருக்கியே" என்றாள். அக்காவும் சிரித்தாள். சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது.

போன் காட்சி மட்டும் வரவே இல்லை. பதினோரு டேக். ஒன்றில் அழுதாள், ஒன்றில் வீராப்பு, மற்றதில் எல்லாம் ஒன்றுமே இல்லை. அக்கா தாளைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். தங்கையின் கையிலிருந்த வளையலைக் கழற்றித் தன் கையில் போட்டுக்கொண்டாள். திரையை மறைத்துக்கொண்டு, தங்கைக்கு எதிரே நின்றாள். பிறகு உதட்டை மூடி, திறந்து, அந்த வரியைச் சொன்னாள். காற்றுகூட வரவில்லை. வெறும் வாய்.

தங்கை திரையைப் பார்க்கவில்லை. அக்காவின் உதட்டைப் பார்த்துப் பேசினாள். "ம், நல்லாருக்கேன்."

"ஓகே" என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

முழுப் படத்தையும் கோத்துப் போட்டுப் பார்த்த அன்றைக்கு அவர் அக்காவிடம் வந்து, "எங்க நீங்க முடிஞ்சு எங்க அவங்க ஆரம்பிக்கறாங்கன்னு எனக்கே தெரியலைக்கா. காது வெச்சுக் கேட்டேன், தெரியலை" என்றார். மனசாரப் பாராட்டினார். அக்கா கும்பிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து ஏழாவது வாரமும் மகனுக்கு அவள் எழுத்தில்தான் பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள். "இன்னும் பேசக் கூடாதாம்." "ஆறிக்கிட்டு வருது." "நீ சாப்பிட்டியா?" அவனுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. டாக்டர் நம்பரைக் கேட்டான். வெள்ளிக்கிழமை எழுதினான்: "தொண்டைப்புண் இத்தனை நாள் இருக்காதும்மா. ஞாயித்துக்கிழமை நீ ஒரு வார்த்தையாவது பேசலைன்னா டிக்கெட் போட்டு வந்துடுவேன்."

டோக்கன் கூப்பிடும் வேலை இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையை வரச்சொன்னது, பக்குவமாக எடுத்துச் சொல்லத்தான். என்னென்ன சொல்வது என்று காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து தாளில் எழுதியிருந்தார்கள். முதல் வரி, "நான் சித்தி பேசறேன், அம்மா நல்லாருக்கா, பயப்படாதே." ஆபரேஷன் என்ற சொல் மூன்றாவது வரியில்தான் வரும். மகன் எப்போதும் கார் ஓட்டிக்கொண்டே பேசுகிறவன். முகம் பார்க்கிற பேச்சு இல்லை.

மத்தியானம் போன் அடித்தது. தங்கை ஸ்பீக்கரில் போட்டாள். தாளைக் கையில் எடுத்தாள்.

"ஹலோ" என்றாள்.

"அம்மா!" என்று அலறினான் அவன். "அம்மா, குரல் வந்துடுச்சா! ஐயோ அம்மா!" பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். எனக்கு என்னென்னமோ நினைப்பு வந்துடுச்சும்மா. அப்பா மாதிரி... விடு. நீ சொல்லு. நல்லாருக்கியா?"

தங்கை தாளைப் பார்த்தாள். நான் சித்தி பேசறேன் என்று முதல் வரி. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

சமையல் முடிந்த அடுப்படியில் அக்கா கரண்டியோடு நின்றிருந்தாள். உதட்டை மூடினாள். பிறகு திறந்தாள்.

"ம், நல்லாருக்கேன்" என்றாள் தங்கை.

அதற்குப் பிறகு அது நடந்துகொண்டே போயிற்று. அக்கா வாயசைக்க, தங்கை பேசினாள். சாப்பிட்டியா, வெளியில குளிரா, அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் போடு, இளைச்சிருக்கியாமே, யார் சொன்னா, யாரும் சொல்லலை நானாதான் கேக்கறேன். அவன் சிரித்தான். ஏழு வாரத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தான்.

"அம்மா, உன் குரல் எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா? அந்தக் கரகரப்புகூடப் போயிடுச்சு. அப்பா இருந்தப்ப பேசுவியே, அதே குரல். பழைய அம்மா திரும்பி வந்துட்டே."

அக்காவின் உதடு நின்றுவிட்டது. தங்கைக்குப் பேச ஒன்றும் இல்லை.

"அம்மா? இருக்கியா?" கொஞ்சம் பொறுத்து, "யாரும்மா பக்கத்துல? யாரோ மூச்சு வாங்கற மாதிரி கேக்குது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னதாக வாயசைத்தாள். தங்கை தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. அக்கா மறுபடியும் அசைத்தாள். இந்தத் தடவை வசனகர்த்தாவின் முன்னால் நிற்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாக.

"சித்திடா" என்றாள் தங்கை. "படியேறி வந்தா. இரைக்குது அவளுக்கு."

"சித்தியா! போனை அவகிட்ட குடேன், ரெண்டு வார்த்தை பேசறேன். உன்னை ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிக்கிட்டுப் போனது அவதானே?"

தங்கை அக்காவின் வாயைத் தேடினாள். அக்கா திரும்பிவிட்டிருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். அடுப்பு எரியவில்லை. இந்த வரியைத் தங்கை தானாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அவ அடுப்பைப் பாக்கப் போயிட்டாடா" என்றாள்.